பொடியோடு நிறுத்திவிடாதீர்கள்: படிகம் வளர்க்கும் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் என்.எல்.ஓ. (நான்லீனியர் ஆப்டிகல், அதாவது லேசர் ஒளியின் நிறத்தை மாற்றவல்ல) படிகம் வளர்க்கும் ஆய்வு வழிகாட்டிகளுக்கு, பெங்களூரிலிருந்து வணக்கம்.

பீன்யா பக்கம் லேசர் கருவி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் ஒளியை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுவதுதான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. சர்க்கரை நோயால் கெடும் விழித்திரைக்குச் சிகிச்சை செய்யும் பச்சை லேசர்களில் பல இப்படிப் பிறப்பவைதான். அலைநீளம் பாதியாகி அதிர்வெண் இரட்டிப்பாகும் இந்த மாற்றத்தைச் செய்வது விரல் நுனி அளவுள்ள ஒரு படிகம். எங்கள் மேசைக்கு வரும் படிகம் ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதே நேரத்தில், நம் ஊரில் எத்தனையோ இயற்பியல் துறைகளில் பீக்கர் பீக்கராகப் படிகங்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது வரும் ஆதங்கம்தான் என்னை எழுத வைக்கிறது.

கைத்திறன் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கரைசலிலிருந்து ஒரே திசையில் நீளமாகப் படிகம் எடுக்கும் சங்கரநாராயணன்–ராமசாமி முறை 2005-இல் தமிழ்நாட்டிலிருந்துதான் வெளிவந்தது. குறை எங்கே என்றால், வளர்ந்த படிகத்தை எந்த இடத்தில் கைவிடுகிறோம் என்பதில்.

நான் படிக்கும் கட்டுரைகளில் பல ஒரே மாதிரி முடிகின்றன. படிகத்தைப் பொடியாக்கி லேசரைப் பாய்ச்சுகிறார்கள். பச்சை தெரிகிறது. அளவுகோலாக வைக்கும் கே.டி.பி. (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகத்தோடு ஒப்பிட்டு ‘கே.டி.பி.யை விட இத்தனை மடங்கு’ என்று ஓர் எண், அதன்பின் ‘லேசர் பயன்பாட்டுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி. கர்ட்ஸும் பெர்ரியும் 1968-இல் தந்த இந்தப் பொடிச் சோதனை ஒரு சல்லடை மட்டுமே. அதையும் முழுதாகச் செய்தால் நிறையச் சொல்லும். துகளளவைக் கூட்டிக்கொண்டே போகும்போது பச்சையின் அளவு ஏறி ஒரு மட்டத்தில் நிலைத்தால் அந்தப் பொருளில் ஃபேஸ் மேட்சிங், அதாவது உள்ளே போகும் அலையும் புதிதாகப் பிறக்கும் அலையும் ஒரே வேகத்தில் ஓடும் நிலை, கிடைக்கும். ஏறியபின் இறங்கினால் கிடைக்காது. ஒரே துகளளவில் எடுத்த எண்ணை வைத்து இதைச் சொல்ல வழியே இல்லை.

ஃபேஸ் மேட்சிங் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதல் சோதனையே சாட்சி. 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்கனும் குழுவினரும் 694.3 நானோமீட்டர் ரூபி லேசரைக் குவார்ட்ஸ் வழியே செலுத்தி 347 நானோமீட்டர் ஒளியைப் பெற்றார்கள். குவார்ட்ஸில் இரண்டு அலைகளும் வெவ்வேறு வேகத்தில் போவதால் கிடைத்தது மங்கலான ஒரு புள்ளி. அச்சில் அதைக் கறை என்று நினைத்து அழித்தேவிட்டார்கள்! அடுத்த ஆண்டே, கே.டி.பி. படிகத்தைச் சரியான கோணத்தில் திருப்பி இரு அலைகளையும் ஒரே வேகத்தில் ஓட வைக்கலாம் என்று காட்டிய பிறகுதான் இது கருவிக்குள் வரும் நிலையே உண்டானது.

அப்புறம் வடிவமைப்பு. சீனாவின் ஃபுஜோவில் சென் சுவாங்தியன் குழு செய்ததை மாணவர்களுக்கு விரிவாகப் பாடம் நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். படிகத்தில் உள்ள எதிரயனித் தொகுதி (எதிர்மின் சுமையுள்ள அணுக்கூட்டம்) எப்படி ஒளிக்கு மசிகிறது என்று முதலில் கணக்குப் போட்டார்கள்; பிறகுதான் வளர்த்தார்கள். தட்டையான போரேட் வளையத்தைக் கொண்ட பி.பி.ஓ. 1985-இல் வந்தது. எலக்ட்ரான்கள் எளிதில் மசிவதால் இரட்டிப்புத் திறன் அதிகம், ஆனால் 190 நானோமீட்டர் அருகிலேயே ஒளிபுகும் தன்மை முடிந்துவிடுகிறது. வளையத்தில் ஒரு போரான் நான்முகியாக மாறினால் எல்லை இன்னும் கீழே, 160 வரை போகும். அதுதான் 1989-இன் எல்.பி.ஓ. ஆனால் அதற்கு விலையாக இரட்டை ஒளிவிலகல் (ஒளி அதிரும் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் மாறும் அளவு) சுருங்கிப்போனது. இரு அலைகளின் வேகத்தையும் சமன்செய்ய உதவுவது அதுதான். அதனால் 532-ஐ 266 நானோமீட்டராக்கும் இரட்டிப்பை பி.பி.ஓ. தரும், எல்.பி.ஓ. தராது. இரண்டும் வேண்டும் என்று தேடிப்போய்ப் பெரிலியம் கலந்த கே.பி.பி.எஃப்.-ஐ அடைந்தார்கள், 177.3 நானோமீட்டர் கைக்கு வந்தது. பெரிலியம் நச்சு. படிகம் அடுக்கடுக்காகப் பிரிவதால் சில மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வருவதும் கடினம். சீனா அதை வெளிநாட்டுக்குத் தருவதையும் நிறுத்திக்கொண்டது. ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கும் இந்தப் பேரத்தைப் புரிந்துகொள்வதுதான் வடிவமைப்பு.

நம் ஆய்வகங்கள் எல்-வகை அமினோ அமிலங்களை எடுப்பதிலும் நியாயம் இருக்கிறது. இடக்கை, வலக்கை போல ஒரே கைப்பக்கம் மட்டும் உள்ள மூலக்கூறுகளால் ஆன படிகத்தில் சமச்சீர் மையம் (எதிரெதிர்ப் பக்கங்கள் அச்சாகப் பொருந்தும் நடுப்புள்ளி) இருக்கவே முடியாது. அந்த மையம் இல்லாதிருப்பது என்ற, இரட்டிப்புக்கான முதல் நிபந்தனை தானாக நிறைவேறிவிடுகிறது. கைப்பக்கம் இல்லாத அமினோ அமிலமான கிளைசினுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதன் படிக வடிவங்களில் ஆல்ஃபா கிளைசினில் சமச்சீர் மையம் உண்டு, காமாவில் இல்லை. கிளைசின் கரைசலில் ஓர் உப்பைப் போட்டால் பல நேரம் வருவது காமா கிளைசின் மட்டுமே; உப்பு கரைசலிலேயே தங்கிவிடும். அந்தப் படிகத்துக்குப் புதுப்பெயர் சூட்டிய கட்டுரைகள் உண்டு. அமினோ அமில உப்புகளில் நடக்கும் இத்தகைய தவறுகளை ஃப்ளெக்கும் பெட்ரோசியனும் 2010-இல் விரிவாக எழுதினார்கள். ஒரு சிங்கிள் கிரிஸ்டல் எக்ஸ்.ஆர்.டி. (ஒற்றைப் படிகத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அணுக்களின் இடத்தைக் காணும் சோதனை) எடுத்து அமைப்பை முழுதாகத் தீர்த்திருந்தால் ஒரு மாணவரின் பல வருட உழைப்பு வீணாகியிருக்காது. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்தப் பிள்ளைகள் வேலை கேட்டு இங்கே வரும்போது, ஆய்வேட்டில் உள்ள படிகத்தை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: படிகங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு மாணவருக்கு ஒரு படிகம் போதும். அதன் ஒளிவிலகல் எண்களைப் பல அலைநீளங்களில் அளந்து ஃபேஸ் மேட்சிங் கோணத்தைக் கணக்கிடட்டும். அந்தக் கோணத்தில் வெட்டி, மெருகேற்றி, முழுப் படிகமாகவே லேசரில் வைக்கட்டும். எத்தனை நானோசெகண்ட் துடிப்பில், எவ்வளவு ஆற்றலில் உடைகிறது, 1064-இல் எவ்வளவு உறிஞ்சுகிறது, ஈரக்காற்றில் முகம் மங்குகிறதா என்பதையும் எழுதட்டும். என்-எச், ஓ-எச் பிணைப்புகள் 1064 அருகில் உறிஞ்சுவதால்தான் எல்-ஆர்ஜினைன் பாஸ்பேட் என்ற அமினோ அமிலப் படிகத்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் வைத்துப் பார்த்தார்கள். அந்த மாதிரிக் கேள்விகள் நம் வைவா அறைகளிலும் எழ வேண்டும். புறத்தேர்வாளராகப் போகும் நீங்கள்தான் அதைக் கேட்க முடியும்.

மெருகேற்றும் வசதியோ லேசரோ இல்லை என்றால், சரி, அதற்காகப் படிகத்தைப் பொடியாக்க வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் உள்ள ஒரு துண்டு, விரிசல் இல்லாமல், அச்சுகளைக் குறித்து, உலர்ந்த டப்பாவில் வைத்து மாணவர் கையில் கொடுத்தனுப்புங்கள். வெட்டவும் அளக்கவும் நாங்கள் இடம் தருகிறோம்.

அன்புடன்,
பெங்களூரில் லேசர் கட்டும் ஒரு தமிழன்