மலேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 (முதலாண்டு) வகுப்பாசிரியரான மகளுக்கு

அன்பு மகளுக்கு,

35 பிள்ளைகள், மலாய், சீனர், இந்தியர் என்று மூன்று இனமும் கலந்த வகுப்பு என்று அம்மா சொன்னாள். பக்கத்தில் உட்கார வைத்தாலே பழகிவிடுவார்கள் என்று நம்பிவிடாதேம்மா. சரிசமமான நிலை, பொதுவான இலக்கு, கூட்டு வேலை, மேலிருப்பவர்களின் ஆதரவு, இந்த நான்கும் வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதிவிட்டார்.

முதல் வாரம் யாரையும் இடம் மாற்றாதே. ஓய்வு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள். அந்த வயதில் இனத்துக்கு முன்னால் ஆண், பெண் கோடுதான் கண்ணில் படும். பையன்களுக்குப் பந்து விளையாட ஆள் வேண்டும், யாரையும் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெண் பிள்ளைகளின் நட்பு பெரும்பாலும் இரண்டு மூன்று பேருக்குள் பேசிப் பேசியே வளர்வது. அங்கே மொழி குறுக்கே நிற்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவளுக்கு மலாயில் கட்டுரை எழுத வரும்; கேலிக்கு உடனே பதில் கேலி வராது. பேசாமல் நிற்பாள். 'தலைக்கனம்' என்று பெயர் வாங்குவாள்.

முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி; அந்த நேரத்தில் வகுப்பு இரண்டாகப் பிரியும், திரும்பி வந்தும் பிரிந்தபடியே உட்காரும். அடுத்த பாடவேளை உன்னுடையதென்றால் குழு வேலையோடு தொடங்கு.

அதற்கு உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971-ல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் பள்ளிகளில் தொடங்கிய ஜிக்சா முறைதான் நல்லது. ஐந்து பேராக ஏழு குழு. பாடத்தை ஐந்து துண்டாக்கி ஆளுக்கொன்று கொடு; ஒவ்வொரு துண்டும் தனியே படித்தாலே புரிய வேண்டும். ஒரே துண்டு வாங்கிய ஏழு பேரும் முதலில் ஒன்றாக உட்கார்ந்து, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசிப் பார்க்கட்டும். நேரமில்லை என்று பலர் விடுவது இந்தப் படியைத்தான். விட்டால் மலாய் தடுமாறும் பிள்ளை குழுவுக்கு முன்னால் திக்கி நிற்கும், ஏளனம்தான் மிஞ்சும். பிறகு குழுவுக்குத் திரும்பி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும். சோதனை தனித்தனியாக வை. குழு மதிப்பெண் போட்டால் 'இவளால்தான் குறைந்தது' என்ற பேச்சு வரும்.

இன்னொன்று. தமிழ்ப் பெண் பிள்ளைகளைக் குழுவுக்கு ஒருத்தியாகப் பிரித்துப் போடாதே. பார்க்க நியாயமாகத் தெரியும்; தனித்து விடப்படுபவள் அவள்தான். இருவராகச் சேர், சில குழுவில் தமிழர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆறு வாரம் குழுவைக் கலைக்காதே. பிறகு ஓய்வு நேரத்தில் போய் அதே தாளை மறுபடி போட்டு ஒப்பிட்டுப் பார். பெயர்கள் இருக்கின்றன, இரண்டையும் மேசையில் விடாமல் பூட்டி வை.

அன்புடன்,
அப்பா
பினாங்கு