கீழமணக்குடி கரையில் குச்சி நட்ட அண்ணனுக்கு நன்றி

பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட்ட குழியைத் தோண்டிப் பார்க்காமல், சுற்றி 4 குச்சி நட்டு, வனத்துறை ஆள் வரும்வரை நாய்களை விரட்டி நின்ற கரைமடி வலை இழுக்கும் மீனவ அண்ணனுக்கு நன்றி. பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

முட்டையைத் தொடாததுதான் பெரிய உதவி. ஒன்றரை அடி ஆழக் குழியில் 100 முட்டைக்கு மேல் இருக்கும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு உருட்டினால் செத்துவிடும். ஆசையாகக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள்தான் நாயைவிட மோசம்! செல்போன் டார்ச்சும் அவர் அடிக்கவில்லை. கரையேறும் ஆமை வெளிச்சத்தில் மிரண்டு, முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

பொரிய 45 முதல் 60 நாள். அதுவரை அந்தப் பக்கம் வண்டி ஓட்டாதீர்கள். மணல் இறுகினால் குஞ்சு மேலே வராது.