தங்க ரேக்கு தொண்டையைக் கிழிக்காது, திருத்தம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டு மதுவகைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் கோல்ட்ஷ்லேகர் என்ற லவங்கப்பட்டை மதுவைப் பற்றி ஒரு பத்தி. உள்ளே மிதக்கும் தங்கத் துகள்கள் தொண்டையிலும் இரைப்பையிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடுமாம், அந்தக் கீறல் வழியே சாராயம் நேராக ரத்தத்தில் கலக்குமாம், அதனால்தான் போதை சட்டென்று ஏறுகிறதாம். அமெரிக்கக் கல்லூரிப் பையன்களிடையே பல வருஷமாகச் சுற்றும் கதை இது. கதை என்று சொல்லிப் போட்டிருந்தால் நான் எழுதவே மாட்டேன், ஆனால் நீங்கள் அதை உண்மைத் தகவலாகவே அச்சடித்துவிட்டீர்கள்.

நான் தஞ்சாவூர்ப் படத்துக்குத் தங்க ரேக்கு, அதாவது மெலிசாகத் தட்டிய தங்கத் தகடு, ஒட்டுகிறவன். நாங்கள் ஒட்டும் ரேக்கு கொஞ்சம் கனம். சிலைக்கும் மரச்சட்டத்துக்கும் முலாம் மாதிரி ஒட்டுகிற மெல்லிய ரகம் வேறு, சாப்பாட்டிலும் மதுவிலும் போடுவது அந்த மெல்லிய ரகம்தான். அதைப் பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டுதான் தாளைத் திறப்போம், இல்லையென்றால் பறந்துபோய்ச் சுருண்டுகொள்ளும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அதனூடே பச்சையாக வெளிச்சம் தெரியும், தங்கம் அவ்வளவு மெலிசு. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்தால் ரேக்கே காணாமல் போய்விடும், விரல் ரேகைக்குள் மஞ்சளாக ஒரு பூச்சு மட்டும் ஒட்டியிருக்கும். தடிமன் ஏறத்தாழ 0.1 மைக்ரான், தலைமுடியில் பல நூறில் ஒரு பங்கு. ஒரு பொருள் மற்றொன்றை வெட்ட வேண்டுமென்றால் அதற்கு விறைப்பு வேண்டும். தூய தங்கம் நம் நகத்தளவுதான் கடினம், அதையும் இத்தனை மெலிசாகத் தட்டிய பிறகு எச்சில் பட்டாலே மடிந்து ஒட்டிக்கொள்ளும், அது எங்கே போய்த் தொண்டையைக் கீறுவது?

அப்படியானால் தொண்டை எரிகிறதே என்று கேட்பார்கள். எரியத்தான் செய்யும். லவங்கப்பட்டையின் காரத்துக்குக் காரணமான சினமால்டிஹைடு, வாயிலும் தொண்டையிலும் எரிச்சலை உணரும் நரம்புகளை நேரடியாகத் தூண்டுகிறது. சாராயம் தன் பங்குக்குச் சூட்டை உணரும் நரம்புகளின் வரம்பைக் கீழே இறக்கிவிடுகிறது, சாதாரண உடல் சூடே சுடுவதுபோலத் தெரியும். இரண்டும் ஒரே மடக்கில் சேர்ந்து இறங்கினால் தொண்டை அறுபட்டதுபோல இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கண்ணுக்குத் தெரிவது தங்கம் ஆயிற்றே, அதனால் பழி அதன் மேல் விழுந்துவிட்டது.

இன்னொன்று, சாராயம் உடம்பில் ஏற எந்தக் கீறலும் தேவையில்லை. கொஞ்சம் இரைப்பையிலும் பெரும்பகுதி சிறுகுடலிலும் தானாகவே உறிஞ்சப்பட்டுவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் வேகமாக ஏறுகிறது, சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான் சங்கதி.

தங்கம் உள்ளே போய் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், தங்கத்தைக் கரைக்க அதனோடு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த ராஜதிராவகம் வேண்டும். அதனால் போன தங்கம் போனபடியே வெளியே வந்துவிடும். தங்கபஸ்பத்தையும் இதையும் ஒன்றாக நினைத்து உடம்புக்கு நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் தப்பு, பஸ்பம் புடம் போட்டுச் செய்வது, இது வெறும் ரேக்கு. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் தங்கத்துக்கு உணவு நிறமி எண் இ175. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அதை மறு ஆய்வு செய்தபோது, போதிய தரவு இல்லாததால் முடிவான மதிப்பீடு செய்ய முடியவில்லை என்றுதான் சொன்னது. அதற்கும் தொண்டை கிழிவதற்கும் சம்பந்தம் இல்லை.

பாட்டிலுக்குள் பெரிய செல்வம் இருப்பதுபோல எழுதியிருப்பதும் சரியில்லை. 8 சென்டிமீட்டர் சதுர ரேக்கு ஒன்றின் எடை சுமார் 12 மில்லிகிராம்தான், ஒரு பவுனுக்கு அப்படி அறுநூறுக்கு மேல் வேண்டும்.

மதுவில் தங்கம் போடுவதும் அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது இல்லை. டான்சிக் நகரில், இன்று போலந்தின் குடான்ஸ்க், 1598இல் குடியேறிய ஆம்ப்ரோசியஸ் ஃபெர்மோய்லன் என்ற டச்சுக்காரர் தொடங்கிய வடிசாலையின் கோல்ட்வாசர்தான் இந்த வரிசையில் பேர்போனது. தங்கம் மருந்து என்று ஐரோப்பாவில் நம்பிய காலம் அது. இந்த அருமையான வரலாற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் கீறல் கதைக்கு ஒரு பத்தி ஒதுக்கியது எனக்கு வருத்தம்.

நான் இவ்வளவு தூரம் எழுதக் காரணம் வேறு. வெளிநாட்டில் படிக்கும் என் அக்கா மகன் போனில் பேசும்போது, "மாமா, அந்தத் தங்கம் கிழிக்குதாம், அதான் சீக்கிரம் ஏறுதாம், பசங்க அதுக்காகவே வாங்குறாங்க" என்றான். கதை பயமுறுத்துவதில்லை, ஆசை காட்டுகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது பாட்டிலில் அச்சடித்திருக்கும் சாராய அளவை. கோல்ட்ஷ்லேகரில் அது 43.5 சதவீதம், முன்பு 53.5 சதவீதமாகவே விற்றார்கள். நம்மூர் டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம். ஆக, இது பிராந்திக்குக் கொஞ்சமும் இளைத்தது இல்லை, ஆனால் சர்க்கரையும் பட்டை வாசனையும் சேர்ந்து மிட்டாய் போலத் தித்திப்பதால் பழக்கமில்லாத பையன் மளமளவென்று ஊற்றிக்கொள்கிறான். 30 மில்லியில் சுமார் 10 கிராம் தூய சாராயம் இருக்கிறது, நான்கு சின்னக் கிளாஸ் என்றால் 40 கிராம், அதுவும் பத்து நிமிஷத்துக்குள். அவனைச் சாய்ப்பது அதுதான். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே சேர்த்துவிட்டது. கீறல் கதைக்குக் கொடுத்த இடத்தை இதற்குக் கொடுத்திருக்கலாமே.

வரும் ஞாயிறு இணைப்பில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், ஓரத்தில் பொடி எழுத்தில் ஒளிக்காமல் ஒரு திருத்தம் போடுங்கள். தங்கம் கீறாது, போதைக்கும் அதற்கும் தொடர்பில்லை, அதில் இருப்பது 43.5 சதவீதச் சாராயம் என்று மூன்று வரி போதும்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து உங்கள் நெடுநாள் வாசகன்