ராபின் வந்துவிட்டதா என்று கேட்டாயே

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே அனைவரும் நலம். குளிருக்குத் தெற்கே போகும் ராபின் பறவை வந்துவிட்டதா என்று போனில் கேட்டாய். அதற்குள் உன் அம்மா ரசப்பொடி தீர்ந்துவிட்டதா என்று புகுந்துவிட்டாள். பதிலை எழுத்தில் அனுப்புகிறேன்.

வந்துவிட்டது என்பதா, இங்கேயேதான் இருந்தது என்பதா? மார்ச் பிறந்தால் மிச்சிகன்காரர்களுக்கு முதல் ராபினை யார் பார்த்தது என்பதில் போட்டி. 1931 முதல் மாநிலப் பறவை வேறு, கேட்க வேண்டுமா! ஆனால் ஜனவரிக் குளிரிலும் சில ராபின்கள் இங்கேதான் காலம் தள்ளுகின்றன. தரை இறுகிக் கிடக்கும்போது மண்புழு ஏது? அதனால் புல்வெளிப் பக்கம் தலைகாட்டுவதில்லை. கூட்டமாகச் சேர்ந்து, மரத்திலேயே வதங்கிப்போன பழங்களைத் தேடி அலைகின்றன. பிப்ரவரியில் நூலகத்துக்குப் பின்னால் உள்ள கிராப் ஆப்பிள் மரத்தில் ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. பழம் தீர்ந்ததும் போய்விட்டன. உங்கள் ஹூஸ்டனில் குளிர்காலத்தில் ஹாலி மரங்களின் பழங்களை மொய்ப்பவையும் இந்த இனம்தான். உன் குடியிருப்பு வாசலில் இருக்கிறதே அந்த மரம், அதைப் பார்த்தாயா?

தெற்கே போனவை காலண்டரைப் பார்த்துத் திரும்புவதில்லை. சராசரி வெப்பநிலை 37 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும் எல்லை வடக்கே நகர நகர, ஏறக்குறைய அதன் கூடவே வருகின்றன. அந்தக் கட்டத்தில் மண் இளகும், புழு மேலே வரும். ஆண்கள் முன்னால் வந்து இடம் பிடித்துப் பாடத் தொடங்கும். பாட்டுக் கேட்ட பிறகுதான் நான் வரவில் வைப்பது வழக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை, நன்றாக விடிவதற்கு முன்பே கேட்டுவிட்டது.

அன்று காலையே ஒன்று நம் புல்வெளியில் இறங்கியது. நாலடி ஓட்டம், சட்டென்று நிற்பது, தலையை ஒருபுறம் சாய்ப்பது. பிறகு ஒரே கொத்து. புழு பாதி மண்ணுக்குள் இருக்க, கால்களை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தது. அறுந்துவிடாமல் விட்டுப்பிடித்து இழுக்கும் நிதானம் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டே காபியை ஆறவிட்டேன். தலையைச் சாய்ப்பது காதுகொடுத்துக் கேட்கத்தான் என்கிறாள் அம்மா. கண் பக்கவாட்டில் இருப்பதால் தரையைப் பார்க்க அப்படிச் சாய்க்கிறது என்று 1965-இல் ஓர் ஆய்வு சொன்னது. பார்க்க முடியாதபடி செய்தாலும் ஒலியைக் கொண்டே புழுவைக் கண்டுபிடிக்கிறது என்று 1997-இல் இன்னொன்று. அம்மாவிடம் முதல் ஆய்வை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

நம் ஈஸ்ட் லான்சிங்கில் இந்தப் பறவையை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. 1950களில் எல்ம் மரங்களின் நோயைத் தடுக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். உதிர்ந்த இலையை மண்புழு தின்றது, புழுவை ராபின் தின்றது. வசந்தத்தில் வந்தவை துடித்துத் துடித்துச் செத்தன. ஜார்ஜ் வாலஸ் என்ற பேராசிரியர் விடாமல் பதிவுசெய்து எழுதினார். நீ படித்த அதே வளாகம்தான். 1969-இல் மிச்சிகனிலும், 1972-இல் நாடு முழுவதிலும் அந்த மருந்துக்குத் தடை போட்டார்கள்.

இப்போது நம் வாசல்காரர் ராபின் என் காரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு காலை முழுவதும் மல்லுக்கு நிற்கிறார். எதிரி வந்துவிட்டதாக நினைப்பு. அம்மா பழைய ரவிக்கைத் துணியைக் கண்ணாடிக்குச் சுற்றிவிட்டாள். அப்படியே கடைக்கு ஓட்டிப் போனதை ஊரே பார்த்தது.

ஏப்ரலில் பெண்பறவை சேறும் புல்லும் கொண்டுவந்து வாசல் விளக்கின் மேல் கூடு கட்டும். உள்ளே உட்கார்ந்து நெஞ்சால் அழுத்திச் சுழன்று குழிவாக்குவதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். நீல முட்டை மூன்றோ நான்கோ இருக்கும். குஞ்சு பொரிக்க இரண்டு வாரம், கூட்டைவிட்டு இறங்க இன்னும் இரண்டு வாரம், அவ்வளவுதான். மே முதல் வாரத்துக்கு டிக்கெட் போடு. வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே. கோடையில் மறுபடியும் முட்டையிடும் என்பது உனக்குத் தெரியும். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அதனால் ஜூனில் வருகிறேன் என்று ஆரம்பிக்காதே.

அன்புடன்,
அப்பா