கூரைச் செலவைப் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. ஆசீர்வாதம். இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்று மன்னார்குடி ராஜகோபாலனை வேண்டிக்கொள்கிறோம். வாரந்தோறும் போனில் பேசுகிறோமே, இவ்வளவு நீளமாக எதற்கு எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். போனில் நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம், ஆகையால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

பாப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை மருமகள் அனுப்பியிருந்தாள். அம்மா பாப்பாவுக்கு முன்பல் விழுந்திருப்பதைப் பார்த்தாள். என் கண் பின்னால் மாடிக் கூரையில் கிடந்த நீலத் தார்ப்பாயில் போய் நின்றுவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரங்களில் மரச்சட்டம் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். இடது மூலையில் சட்டம் கழன்று, தார்ப்பாய் மடிந்து, அடியில் ஓட்டுக்குப் பதிலாக அங்கே பதிக்கும் ஷிங்கிள் அட்டை தெரிகிறது. நடுப்பகுதி வெயிலில் வெளுத்துவிட்டது. சித்திரை மாதம் உங்கள் டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே எலுமிச்சம்பழ அளவில் ஆலங்கட்டி விழுந்ததாகவும், உங்கள் தெருவும் அதில் தப்பவில்லை என்றும் பெரிய அத்தை மகன் அப்போதே பிளேனோவிலிருந்து சொன்னான். உன்னைக் கேட்டபோது, "கொஞ்சம் பெய்தது அப்பா, ஒன்றுமில்லை" என்றாய். நம் பக்கம் கோடை இடியோடு எப்போதாவது ஆலங்கட்டி விழுந்தால் பிள்ளைகள் முற்றத்தில் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். அந்த நினைப்பில் நானும் விட்டுவிட்டேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. தார்ப்பாய் இன்னும் கூரையில் இருக்கிறது.

உன் அப்பா பணிக்காலம் முழுவதும் காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் என்பது உனக்குத் தெரியும். எரிந்த வைக்கோல்போரிலிருந்து சாய்ந்த நெல் கிடங்கு வரை எத்தனையோ கோப்புகள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. சேதம் நடந்த வீடு மாதக்கணக்கில் தார்ப்பாயோடு கிடக்கிறது என்றால் அதற்குக் காரணங்கள் சிலவே உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். எது உன் காரணம் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு நீயே சரிபார்த்துக்கொண்டால் போதும்.

முதலாவது, கிளெய்மே போடாமல் இருப்பது. நீ அப்படிச் செய்திருக்க மாட்டாய் என்றே நம்புகிறேன். ஆலங்கட்டி ஷிங்கிளில் விழுந்தால் ஓடு உடைந்ததுபோல் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதில்லை. மேலே ஒட்டியிருக்கும் பொடிக்கல் உதிர்ந்து, அடியில் இருக்கும் தார் அட்டை கன்றிப்போயிருக்கும். அந்த இடம் வெயில் பட்டுப் பட்டு ஓரிரு வருஷத்தில்தான் ஒழுகத் தொடங்கும். மழைநீர்க் குழாயின் வாயில் கறுப்பு மணல்போல் பொடி சேர்ந்திருக்கிறதா, தகரக் குழாய்களிலும் காற்றுப்போக்கி மூடிகளிலும் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் உன் வீட்டில் தார்ப்பாயே போட்டிருப்பதால், தண்ணீர் உள்ளே இறங்கும் அளவுக்குச் சேதம் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தார்ப்பாய் வாங்கிய ரசீது, அதை அடித்தவருக்குக் கொடுத்த கூலி ரசீது, இரண்டையும் பத்திரப்படுத்து. மேலும் சேதமாகாமல் காப்பது வீட்டுக்காரரின் கடமை என்று எல்லாப் பாலிசியிலும் எழுதியிருக்கும். அதற்கான நியாயமான செலவைக் கேட்கவும் முடியும். மூலை கழன்று கிடப்பதை மட்டும் உடனே சரிசெய். நாளைக்குப் பெரிய மழை பெய்து உள்கூரைப் பலகை ஊறினால், அந்த இரண்டாவது சேதம் உன் கவனக்குறைவு என்று கையை விரித்துவிடுவார்கள்.

இரண்டாவது, கம்பெனி இழுத்தடிப்பது. இதையும் விசாரித்தேன். டெக்சாஸ் சட்டப்படி கிளெய்ம் வந்த 15 நாளுக்குள் அது கிடைத்தது என்று அவர்கள் பதில் தர வேண்டும். கேட்ட காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்தபின் 15 வேலை நாளுக்குள் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஏற்றால் 5 வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும். ஊர் முழுக்கப் பாதித்த பெரும் இயற்கைச் சேதம் என்றால் இன்னும் 15 நாள் கூடுதலாகக் கிடைக்கும். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் சித்திரையில் விழுந்த ஆலங்கட்டிக்கு ஆடியில் பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் புகார் எழுது. எழுத நான் உதவுகிறேன்; எனக்கு அது பழகிய வேலை.

மூன்றாவது, காசோலை வந்தும் மாற்ற முடியாமல் இருப்பது. வீட்டுக் கடன் இருப்பவர்களுக்குக் கூரைப் பணத்தின் காசோலையில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து வரும் என்றும், அவர்கள் கையெழுத்து இல்லாமல் பணமாக்க முடியாது என்றும், சில நேரம் அவர்கள் அதை வைத்துக்கொண்டு வேலை நடக்க நடக்கத் தவணையாக விடுவிப்பார்கள் என்றும் அத்தை மகன் சொன்னான். அவனுக்கும் அப்படித்தான் ஆனதாம். இது தாமதமே தவிரத் தடை இல்லை.

நான்காவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நம் ஊர் வண்டிக் காப்பீட்டில் எக்ஸஸ் என்று ஓர் ஆயிரம், இரண்டாயிரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அங்கே புயலுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிள் என்பதை வீட்டுக்குப் போட்ட காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், 2 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். உன் பாலிசியை நான் பார்த்ததில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு 4,00,000 டாலர் காப்பீடு, 2 சதவீதம் டிடக்டிபிள் என்றால் 8,000 டாலர் உன் கையிலிருந்து போக வேண்டும். கூரை வேலைக்கு 18,000 டாலர் மதிப்பீடு என்று வைத்துக்கொள். கூரைக்குப் பாதி ஆயுள் முடிந்துவிட்டது என்று 9,000 டாலரைத் தேய்மானமாகக் கழித்து நிறுத்திவைப்பார்கள். மீதி 9,000 டாலரிலிருந்து டிடக்டிபிள் 8,000 போனால் முதலில் கைக்கு வருவது வெறும் 1,000 டாலர். வேலையை முழுவதும் முடித்து, பில்லைக் காட்டி, டிடக்டிபிளைக் கட்டியதற்கும் சான்று காட்டிய பிறகுதான் நிறுத்திவைத்த 9,000 வரும். அதாவது 8,000 டாலரை முன்கூட்டிப் புரட்ட முடிந்தவனுக்குத்தான் அந்தப் பாலிசி முழுதாகப் பயன்படும். புரட்ட முடியாதவன் அந்த ஆயிரத்தை வாங்கிக் கணக்கில் போட்டுக்கொண்டு தார்ப்பாயோடு உட்கார்ந்திருப்பான். அந்த 8,000 டாலர் நம் பணத்தில் ஆறரை லட்சத்துக்கு மேல். மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிற வீட்டுக்கே அது கனமான தொகை.

தேய்மானக் கழிவுக்கென்று அவர்கள் எழுதியிருக்கும் வாசகத்தையும் படித்துப் பார். சில பாலிசிகளில் நிறுத்திவைத்த தேய்மானத்தை வேலை முடிந்ததும் தருவதாக எழுதியிருப்பார்கள். சிலவற்றில், அதிலும் பழைய கூரைகளுக்கு, தரவே மாட்டார்கள். தருவதாக இருந்தாலும் கெடு ஒன்று போட்டிருப்பார்கள். அந்தக் கெடு தாண்டினால் 9,000 டாலரும் போய்விடும். தார்ப்பாயைப் பார்த்ததிலிருந்து என் மனம் அந்தக் கெடுத் தேதியைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். நான் அங்கு வந்திருந்தபோது பார்த்தேனே, ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாளே வேறு ஊர் எண் போட்ட வண்டிகள் தெருவுக்குள் வந்துவிட்டன. "டிடக்டிபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஒரு காசும் தர வேண்டாம்" என்பார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் அப்படிச் செய்வது குற்றம். காப்பீட்டுக்காரர் டிடக்டிபிள் கட்டிய சான்றைக் கேட்கலாம். வேலை செய்கிற காண்டிராக்டரே உனக்காகக் கிளெய்ம் பேசுகிறேன் என்பதும் அங்கே சட்டப்படி கூடாது. கூரை வேலைக்காரருக்கு மாநில லைசென்ஸ் என்று ஒன்று அங்கே இல்லாததால், யார் வேண்டுமானாலும் அட்டை அச்சடித்துக்கொண்டு வரலாம். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதே. டிடக்டிபிளை உன் கையால், காசோலையாகக் கட்டு. கை நெருக்கடியில் இருப்பவனுக்கு அந்த மாதிரி வார்த்தை தேனாக இனிக்கும் என்பதால் இதைத் திரும்பவும் எழுதுகிறேன்: டிடக்டிபிளைத் தள்ளிவிடுவதாகச் சொல்கிறவரிடம் கையெழுத்துப் போடாதே.

அம்மா, "சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிடுங்கள்" என்கிறாள். நான் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நம் இரவு ஒன்பது மணிக்கு அங்கே காலை பத்தரை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வரும். இந்த இரண்டு மாதமாக எந்த நாளில் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாய். நீ எடுப்பதில் எங்களுக்குச் சந்தோஷமே. அத்தை மகனும் அவன் வேலை செய்கிற பக்கத்து நிலவரத்தைப் பற்றிச் சிலது சொன்னான். அதற்கு மேல் அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

அத்தை மகனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா என்று ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது நம் வீட்டு நிலை என்ன? கூடத்துக்கு மேல் ஓடே இல்லை. பனங்கைகள் இரண்டு முறிந்து தொங்கின. நெல் குதிருக்கு மேல் நான் பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டு உன்னிடம் "பத்து ஓடு போயிற்று" என்றேன். நீ நம்பவில்லை. படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். முகட்டு ஓடு எத்தனை, சரிவு ஓடு எத்தனை, கொத்தனார் கூலி என்ன, பனங்கை வேதாரண்யம் பக்கம் கிடைக்குமா என்று இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டாய். என்னைக் கேட்காமலேயே பணம் அனுப்பினாய். அன்றைக்குத் தென்னை சாய்ந்த வீடுகளில் அழுகுரல் கேட்டுக்கொண்டிருந்தபோது, நம் வீட்டில் மூன்றாம் வாரம் கொத்தனார் மேலே ஏறி நின்றார். தெருவில் எல்லோரும், "பிள்ளை என்றால் அப்படி இருக்க வேண்டும்" என்றார்கள். நான் எதுவும் பேசவில்லை. எனக்குள் எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இன்றைக்குத்தான் உனக்கு எழுதுகிறேன். அந்தக் கூரை இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்பாவின் கூரைக்குப் பிள்ளை கணக்குப் பார்க்கலாம், பிள்ளையின் கூரைக்கு அப்பா பார்க்கக் கூடாது என்று எந்த ஊரில் வழக்கம்?

ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்று நீ இரண்டு வருஷமாகச் சொல்கிறாய். அதற்கென்று என் ஓய்வுத் தொகையிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த வைப்பு நிதி ஆவணியில் முதிர்கிறது. பனங்கை திடமாக இருக்கிறது; இன்னும் இருபது வருஷம் தாங்கும் என்று கொத்தனாரே மேலே ஏறித் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். கான்கிரீட்டின் கீழே கோடையில் படுக்கவும் முடியாது. ஆகையால் அந்தப் பணம் இங்கே சும்மா கிடக்கப்போகிறது. வங்கியில் விசாரித்துவிட்டேன். இங்கிருப்பவர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அன்பளிப்பாக அனுப்பலாம். ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை வரம்பு. 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முன்வரியும் பிடிக்க மாட்டார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் பான் அட்டையும் கொடுத்தால் போதும். படிவத்தை வாங்கி என் பக்கத்தை நிரப்பி வைத்திருக்கிறேன்.

இதைக் கடனாக நினைக்காதே, உதவியாகவும் நினைக்காதே. முப்பத்து நான்கு வயதில் அந்நிய நாட்டில் சொந்த வீடு வாங்கியவன் நீ. அதைக் கேட்டு உன் தாத்தா இருந்திருந்தால் ஊருக்கே சாப்பாடு போட்டிருப்பார். அந்த வீட்டுக் கூரைக்கு எங்கள் பங்கும் இருக்கட்டும். வேலை தொடங்கும்போது ஆலங்கட்டியைத் தாங்கும் கிளாஸ் 4 ஷிங்கிளுக்கு என்ன விலை வித்தியாசம் என்று கேட்டுப் பார். அதைப் போட்டால் பிரீமியத்தில் தள்ளுபடி தரும் கம்பெனிகள் அங்கே உண்டு. கூடுதல் செலவு வந்தால் அதையும் சேர்த்தே எழுது, குறைத்துச் சொல்லாதே.

ஊர்ச் செய்தி எழுத இடமில்லை. ஆற்றில் தண்ணீர் வருகிறது, குறுவை நடவு முடிந்துவிட்டது, சின்னத்தைக்கு மூட்டுவலி தேவலை. மருமகளிடம் அம்மா தனியாகப் பேசுவாள். அவளை நீ எதற்கும் கடிந்துகொள்ளாதே, படத்தை அவள் வேண்டுமென்று அனுப்பினாள் என்றுகூட நான் நினைக்கிறேன்.

செய்ய வேண்டியதை மறுபடியும் எழுதுகிறேன். மூலைச் சட்டத்தை அடித்துவிடு. பாலிசியில் டிடக்டிபிள் எத்தனை சதவீதம், தேய்மானத்தைக் கேட்கக் கெடு எந்தத் தேதி, இந்த இரண்டையும் பார்த்து எனக்கு எழுது. டிடக்டிபிளைத் தள்ளிவிடுவதாகச் சொல்பவரிடம் கையெழுத்துப் போடாதே. உன் வங்கிக் கணக்கு எண்ணையும், வங்கியை அடையாளம் காட்டும் ரௌட்டிங் எண்ணையும், கணக்கில் உன் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளில் பெயரையும் அனுப்பு. வரும் வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போகிறேன். அதற்குள் வந்தால் வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே முறித்து அனுப்பிவிடுவேன். வட்டியில் கொஞ்சம் குறையும், அதைப் பற்றி நீ பேச வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா