1973இல் நாம் போட்ட சண்டை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று. தீர்ப்புத் தொகுதிகளின் பொடி எழுத்தெல்லாம் மறுபடி தெளிவாகத் தெரிவதால் இக்கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்.

அமெரிக்காவிலிருக்கும் உன் மகள் சொன்னதை எழுதியிருந்தாய். அங்கே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரில் ஆறு பேரைக் குடியரசுக் கட்சி அதிபர்களும் மூவரை ஜனநாயகக் கட்சி அதிபர்களும் நியமித்திருப்பதால், வாதம் முடியுமுன்பே தீர்ப்பைக் கணித்துவிடுகிறார்களாம். "நல்லவேளை, நம் நாட்டு நீதிபதிகளுக்கு அப்படி முத்திரை இல்லை" என்று நீ முடித்திருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். முத்திரை இருந்தால் என்ன தவறு என்று சட்டக் கல்லூரி விடுதி வராந்தாவில் இரவு ஒரு மணி வரை என்னோடு மல்லுக்கு நின்றவன் நீதானே?

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்து, அரசியலமைப்பை நாடாளுமன்றம் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். மறுநாளே பணிமூப்பில் முந்தியிருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதி ஆகிறார் என்று வானொலி அறிவித்தது. தாண்டப்பட்ட மூவரும் அந்த ஏழு பேரில் அடங்கியவர்கள். ராயோ 1970இல் வங்கி நாட்டுடைமை வழக்கில் பதினொருவரில் தாம் ஒருவர் மட்டும் அரசின் பக்கம் நின்றவர். மூவரும் பதவி விலகினார்கள்.

மக்களவையில் ராயின் நியமனத்துக்காக முன்னின்று வாதாடியவர், முன்பு சென்னையில் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்தவரும் ஒரு காலத்துக் கம்யூனிஸ்டுமான அமைச்சர் மோகன் குமாரமங்கலம். நீதிபதியின் வாழ்க்கைத் தத்துவத்தையும் கண்ணோட்டத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க அரசுக்கு உரிமை உண்டு என்பதே அவர் வாதம். அதையே நீயும் பிடித்துக்கொண்டாய். வங்கி முதலாளிகளுக்கும் முன்னாள் மன்னர்களுக்கும் சாதகமாகத் தீர்ப்பெழுதியவர்களிடமும் ஒரு சித்தாந்தம் இருந்தது, அதற்குப் பெயர் சூட்டாததால் அது நடுநிலையாகிவிடுமா என்று நீ கேட்டாய். அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தப் பாதியை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மறு பாதியைத்தான் விட முடியவில்லை. 1975 நவம்பரில், நெருக்கடி நிலையின் நடுவே, கேசவானந்த தீர்ப்பை மறுஆய்வு செய்ய ராய் மறுபடியும் பதின்மூன்று பேரைக் கூட்டினார். மறுஆய்வைக் கேட்டது யார் என்ற கேள்வி எழுந்தபோது அவர் தமிழ்நாட்டைக் கைகாட்ட, நம் அரசு தலைமை வழக்கறிஞர் கோவிந்த் சுவாமிநாதன் எழுந்து, நாங்கள் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த அமர்வு இரண்டே நாள் விசாரணையோடு கலைந்தது. அடுத்த ஏப்ரலில் வந்தது ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பு. விசாரணையின்றி அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வரவே முடியாது என்று நால்வர் சொன்னார்கள். காவலில் இருப்பவர்களை அரசு தாயைப் போலப் பராமரிக்கிறது என்று அவர்களில் ஒருவரான பெக் எழுதினார். இப்போதும் அந்த வரிக்கு வந்தால் மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிடுகிறேன். மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பெக் தலைமை நீதிபதியானார்.

நிலமற்றவனுக்காக என்று சொல்லித்தானே அந்தக் கண்ணோட்டத்தைத் தேடினார்கள், சண்முகம்? ஜபல்பூர் வழக்கில் நிலமும் இல்லை, வங்கியும் இல்லை. கண்ணோட்டத்தை எடைபோடும் தராசு ஆள்பவர் கையில் இருந்தால், ஏழையின் மேல் பரிவு இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குபவர், சீக்கிரமே தம்மிடம் பணிவு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

மூத்த நீதிபதிகளே நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் கொலீஜியம் வந்ததோடு அது தீர்ந்தது என்கிறாயா? சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு வழக்கறிஞர், பிரதமரை விமர்சித்த கட்டுரையைச் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்ததை உளவுத்துறை குறித்து அனுப்பியதும், அது தகுதியைப் பாதிக்காது என்று 2023 ஜனவரியில் கொலீஜியம் மீண்டும் பரிந்துரைத்ததும், அதற்குப் பிறகும் கோப்பு நகராததும் நீ அறிந்ததுதான். குமாரமங்கலமாவது அவையில் எழுந்து நின்று காரணத்தைச் சொன்னார். இப்போது கோப்பு தூங்குகிறது, அவ்வளவுதான்.

குமாரமங்கலம் ஜபல்பூர் தீர்ப்பைப் பார்க்கவில்லை. அந்த உரைக்கு ஒரு மாதத்துக்குள், மே 31 அன்று, சென்னையிலிருந்து டெல்லி சென்ற விமானம் விழுந்து இறந்துவிட்டார். இருந்திருந்தால் நெருக்கடி நிலையின்போது எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உனக்கு நிச்சயமாக ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

தை பிறந்ததும் வருவதாகச் சொன்னாய். உன் முழங்காலை உத்தேசித்துக் கட்டிலைக் கீழறையிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். வராந்தாவும் அதை ஒட்டித்தான் இருக்கிறது.

அன்புடன்,
ராமநாதன்