'வீணாக' என்ற அந்த ஒரு சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேட்டூர் நிரம்பி கொள்ளிடத்தில் உபரி நீரைத் திறந்துவிட்டால் போதும், மறுநாளே 'வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர்' என்று தலைப்பு போட்டுவிடுகிறீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை, எல்லாப் பத்திரிகையும் அப்படித்தான். அதில் 'வீணாக' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

உல்லம் மீன் தெரியுமில்லையா, வங்காளிகள் உயிரை விடும் அதே ஹில்சா. கடலில் வளர்ந்தாலும் முட்டை போட அது ஆற்றுக்குத்தான் வர வேண்டும். கலங்கல் வெள்ளம் முகத்துவாரத்தைத் தாண்டிப் பாய்ந்து அங்கே உப்பு குறையும்போதுதான் கூட்டம் கூட்டமாக எதிரேறும். தண்ணீர் வராத ஆற்றுக்குள் அது எதற்கு நுழையப் போகிறது? காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒரு காலத்தில் நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டினார், அது முதல் தடை. சால்மன் மாதிரி எகிறிக் குதித்துத் தாண்டுகிற மீன் இல்லை இது. அப்புறம் 1934-இல் மேட்டூர் வந்து வெள்ளத்தையே பிடித்து வைத்துக்கொண்டதும், காவிரியில் உல்லம் அருகிப் போனது. கங்கையிலும் இதே கதைதான், அலகாபாத்தையும் தாண்டிப் போன மீன் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்ததும் அதற்குக் கீழேயே நின்றுவிட்டது.

அணையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் டெல்டாக்காரன்தான், மேட்டூர்த் தண்ணீர் இல்லாமல் எங்கள் வீட்டில் உலை ஏறாது.

கோதாவரியைப் பாருங்கள். தவளேஸ்வரத்திலும் காட்டன் கட்டிய அணைதான், ஆனால் அதற்குக் கீழே மழைக்காலத்தில் செந்நிற வெள்ளம் இன்னும் ஓடுகிறது, மீனும் ஏறுகிறது. கடலில் பிடித்தால் சுமாரான விலைக்குப் போகும் அதே மீன், ஆற்றுக்குள் ஏறிவிட்டால் 'புலசை' என்று பெயர் மாறி ஆயிரக்கணக்கில் விலை போகிறது. தாலியை விற்றாவது புலசை தின்ன வேண்டும் என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு (சொன்னது நிச்சயம் தாலி கட்டியவனாகத்தான் இருக்கும்).

நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குக் கடலில் தடை, சரி. ஆனால் ஆற்றில் ஏறும் மீனுக்குக் காலமே அதற்குப் பிறகுதானே வருகிறது? வங்கதேசத்தில் அக்டோபர் வாக்கில் உல்லம் முட்டையிடும் சமயம் பார்த்து 22 நாள் பிடிக்கவே விடுவதில்லை.

இன்னொன்று. வெள்ளம் வடிந்ததும் ஷட்டர்களை ஒரே நாளில் இறக்கிவிடுகிறார்கள். ஏறி வந்த மீனெல்லாம் மணல் குட்டைகளில் மாட்டிக்கொள்ள, ஆட்கள் கூடையோடு இறங்கி அள்ளுவதை நானே பார்த்திருக்கிறேன். நாலைந்து நாள் எடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் என்ன குடி முழுகிப்போகும்?

கீழணைக்கும் கீழே இப்போது ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை வேறு. அதில் மீன் ஏறிப் போக வழி வைத்திருக்கிறார்களா என்று உங்கள் நிருபர் யாரையாவது அனுப்பி ஒரு செய்தி போடுங்கள்.

– கும்பகோணம் வாசகர்